பச்சோந்தி வளர்த்த கதை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மை அணுகியபோது, தமிழாசிரியனிடம் கம்பனையோ கச்சியப்பரையோ அன்றி வேறெதனைப் பெறலாகும் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அப்பெருமக்களைப் பற்றி எம்மினும் வல்லார் இம்மலரிலே எழுதியிருப்பர். யாம் எழுதப் புகுந்தது ஒரு பச்சோந்தியைப் பற்றி. சென்ற புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் அது எமது வீட்டு விறாந்தையிலே இருபத்தொரு நாள் தங்கியிருந்தது. அதற்கு ஊணும் நீரும் அளிக்க யாம் பட்ட பாடு எமது வகுப்பு மாணவர் அறிந்ததே. அவர்கள் அறியாத பாதியும் உண்டு. அதனையுஞ் சேர்த்து எழுதிவிடுவதே நேர்மையென்று தோன்றிற்று.

ஒன்பதாந் தர வகுப்பிலே ஒருநாள் உவமைகளும் மரபுத்தொடர்களும் கற்பித்துக்கொண்டிருந்தோம். இடத்துக்கேற்பக் கொள்கையை மாற்றிக்கொள்ளும் மனிதனைப் பச்சோந்தி என்பர் என்றும், அப்பிராணி தான் இருக்கும் இலைக்கும் கிளைக்கும் தக்கவாறு நிறத்தை மாற்றிப் பிறரை ஏமாற்றுவது என்றும் விளக்கினோம். ஆசிரியத் தொழிலுக்கு வந்த நாள் முதலாக ஆண்டுதோறும் கூறிவந்த விளக்கம் அது. நாவிலே தானாக வரும். மறுநாட் காலை பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குச் சென்றபோது, மாணவர் இருவர் எமது மேசைமேல் ஒரு சப்பாத்துப் பெட்டியை வைத்துவிட்டு நின்றனர்.

"என்ன தம்பி இது?" என்றோம்.

"சேர், நேற்று நீங்கள் சொன்ன ஆள்" என்றான் ஒருவன். வகுப்பு முழுதும் சிரித்தது.

பெட்டியைத் திறந்தோம். கரிக்கட்டை போன்று கறுத்த ஒன்று உடலைப் பக்கவாட்டில் இலைபோலத் தட்டையாக்கி, வாயை அகலத் திறந்து, எம்மை நோக்கிச் சீறிற்று. ஒரு பின்காலின் தொடையிலும் வாலின் அடியிலும் தோல் கிழிந்து சிவந்திருந்தது. கல்லெறி பட்ட காயம் என்பது கண்டவுடன் விளங்கிற்று. எறிந்தவர் யார் என்று யாம் கேட்கவில்லை. பெட்டியைக் கொணர்ந்த இருவருள் ஒருவன் கைகளைப் பின்னே கட்டியபடி நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஓணானைக் கண்டாற் கல்லெடுப்பது நம் சிறுவரிடையே வழிவழி வந்த வழக்கம். பச்சோந்தியென்றாலோ அதன் மூச்சும் நஞ்சு, கடியும் நஞ்சு என்று சொல்லிப் பெரியோரே தடியெடுப்பர். உண்மையில் அதனிடத்தில் நஞ்சு சிறிதும் இல்லை. சீறுவதும் உடலைப் பெருக்கிக் காட்டுவதும் ஓட வலியற்ற பிராணியின் வெற்று மிரட்டல்களே. அன்று அதனைத் தொட மாணவர் அஞ்சியமையால், பாகவதத்தின் பத்தாங் கந்தத்திலே வரும் நிருகனின் கதையைக் கூறினோம். தானமாகக் கொடுத்த பசுவையே அறியாது மீண்டும் வேறொருவர்க்குக் கொடுத்த பிழையால் அவ்வரசன் ஓந்தியாகிப் பாழ்ங்கிணற்றிலே கிடந்தான். கண்ணன் கையாற் பற்றி வெளியே எடுத்தபோது தன் உருப் பெற்றான். "கண்ணனே தொட்டிருக்கிறார், நாம் தொட்டால் என்ன?" என்று சொல்லிக் கையை நீட்டினோம். எம் கையும் நடுங்கியதை மாணவர் கண்டனரோ அறியேம்.

இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். நம்மவர் பலர் பச்சோந்தி என்று சுட்டுவது வேலியிலே தலையாட்டும் பச்சை ஓணானையே. அது வேறு, இது வேறு. பச்சோந்தியின் கண் கோபுரம்போல் வெளியே புடைத்து, இமைகளால் முற்றும் மூடப்பட்டு, நடுவிலே மிளகளவு துவாரம் மட்டும் உடையது. ஒரு கண் முன்னே பார்க்க, மற்றக் கண் பின்னே பார்க்கும். விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து குறடுபோற் கிளையைப் பற்றும். வால் சுருண்டு ஐந்தாவது கையாக உதவும். இலங்கையிலும் இந்தியாவிலும் இயல்பாக வாழும் பச்சோந்தி இனம் இஃதொன்றே. 1768இல் இதற்கு இலத்தீன் பெயர் வைத்த லோரெந்தி என்னும் அறிஞர் நம் நாட்டின் பெயரையே அதற்கு அடையாக்கிச் 'சைலானிக்கசு' என்றார். நம் முன்னோர் இவ்வினத்துப் பிராணிகட்கு ஓதி, ஓந்தி, கோம்பி, காமரூபி எனப் பல பெயர்களை வைத்திருந்தனர். பாலை நிலத்து வழியிலே செல்வோர் ஓந்தியைக் கண்டு நிமித்தம் பார்த்தமையைக் குறுந்தொகை காட்டும். பெயர் பல அறிந்திருந்தோம். உயிரை அன்றே அண்மையிற் கண்டோம்.

பாடசாலை விட்டதும் பெட்டியோடு மிருக வைத்தியரிடம் சென்றோம். அவர் காயத்தைக் கழுவி மருந்திட்டு, "ஒரு கிழமை, கூடினாற் பத்து நாள் வைத்துப் பாருங்கள் மாஸ்டர். ஆறியதும் பிடித்த இடத்திலே விட்டுவிட வேண்டும். இதனை வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டம் இடங்கொடாது" என்றார். யாமும் தலையசைத்தோம். இத்தலையசைப்பை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக.

இனி அதற்கு உறையுள் அமைத்த கதை. கண்ணாடிப் பெட்டி ஆகாது. காற்றோட்டம் இன்றி வெப்பம் மிகும், அன்றியும் எலும்புக்கு உரமளிக்கும் வெயிற்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆகவே பழைய நுளம்பு வலையை மூன்றடி உயர மரச்சட்டத்திலே இறுக்கி, உள்ளே சாடியோடு ஒரு செவ்வரத்தையும் சில பூவரசங் கிளைகளும் வைத்தோம். காலையில் இரண்டு மணிநேரம் கிணற்றடியில் இளவெயில் படுமாறும், பாதி நிழலாய் இருக்குமாறும் கூட்டை வைத்துவிட்டுக் கல்லூரிக்குச் செல்வோம். விடியலில் அது கறுத்த நிறங்கொண்டு, வெயில் வரும் பக்கத்துக்கு உடலைத் திருப்பிக் குளிர்காயும். சூடேறியதும் கறுமை நீங்கி இளம்பச்சையாகும். இரவிலோ வெளிறி, வாலைக் கடிகாரக் கம்பிபோற் சுருட்டிக்கொண்டு உறங்கும். விளக்கொளியில் அதனைக் காண்பார் மெழுகாற் செய்த பொம்மை என்பர்.

நீரே முதலில் எம்மைத் தோற்கடித்தது. சிரட்டையிலே தண்ணீர் வைத்தோம், அருகுங் காட்டினோம். அதன்மேல் வாய் வைக்கவில்லை. மூன்றாம் நாள் கண்கோபுரங்கள் உள்வாங்கின. அன்று மாலை எம் அன்னையார் செவ்வரத்தைக்கு நீர் தெளித்தார். இலை நுனியிலே தொங்கிய துளியைக் கண்டதும் அது மெல்ல மெல்ல அசைந்து சென்று, நாவை நீட்டி நக்கிற்று, பின்னும் ஒரு துளி, பின்னும் ஒன்று. தேங்கிய நீரை அது நீரென்று அறிவதில்லை. பனியும் மழையும் இலையிலிருந்து சொட்டுவதே அதற்கு நீர். மறுநாள் மாணவன் ஒருவன் தன் தமையனாரிடமிருந்து கழுவிய சேலைன் குழாய் ஒன்றைக் கொணர்ந்தான். போத்தலொன்றைக் கூரையிற் கட்டி, குழாயைப் பூட்டி, நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு துளி இலைமேல் விழுமாறு திருகி வைத்தோம். வழியாற் சென்றோர் எட்டிப் பார்த்து, "மாஸ்டர் வீட்டிலை ஆருக்கு வருத்தம்?" என்று வினவியதும் உண்டு.

உணவுதான் பெருஞ் சிக்கல். எமது வீடு சைவ வீடு. முட்டையும் உள்ளே வருவதில்லை. பச்சோந்தியோ உயிருள்ள பூச்சியை அன்றி வேறொன்றையும் ஏறெடுத்தும் பாராது. அசையாத பொருள் அதன் கண்ணுக்கு உணவே அன்று. ஆகவே பகலிலே திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்தைப் பொருள் விரித்துரைத்துவிட்டு, மாலையிலே தகரப் பேணியும் கையுமாய் வெட்டுக்கிளி பிடிக்கப் புறப்பட்டோம். வினைப்பயனைப் பற்றி அயலார் எம்மிடம் கேட்டனர். புலிக்குப் புல் கொடுத்தால் அஃது அறமாகுமா என்று திருப்பிக் கேட்டு வாயடைத்தோம். எம் மனத்தின் வாயை அவ்வாறு அடைக்க முடியவில்லை என்பதையும் எழுதுதல் வேண்டும். பேணிக்குள்ளே அவை துள்ளித் தகரத்தில் மோதும் ஓசை இராப்பொழுதில் நன்றாகக் கேட்கும்.

வெட்டுக்கிளி, பாச்சை, கரப்பான், இலையான், மழை பெய்த மாலைகளில் ஈசல் என மாற்றி மாற்றிக் கொடுத்தோம். ஒன்றையே நாடோறும் கொடுப்பின் அது முகந்திருப்பிவிடும். மயிர்க்கொட்டியும் மின்மினியும் கொடுத்தலாகாது. மின்மினியின் நஞ்சு பல்லியினத்தைக் கொல்லவும் கூடும். பூச்சியின் பருமன் அதன் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை மிகாதிருத்தல் நன்று என்பது வைத்தியர் சொன்ன அளவு. சுண்ணச் சத்துக் குறைந்தால் எலும்பு வளைந்துவிடும் என்றும் அவர் எச்சரித்தார். அதற்காகக் கணவாய் ஓட்டை அரைத்துப் பூச்சியின் மேல் தூவ விரும்பினோம். கணவாய் என்ற சொல்லைக் கேட்டதும் அன்னையார் அம்மியைத் தர மறுத்துவிட்டார். பின்னர், அதுவே நாட்டு வைத்தியர் மருந்துக்கு வாங்கும் கடல்நுரை என்று சொன்னோம். "அப்ப சரி" என்றார். பெயர் மாறியதும் பொருளும் தூய்மையாயிற்று. கடதாசிப் பையிலே ஒரு சிட்டிகைத் தூளையும் இரண்டு வெட்டுக்கிளிகளையும் போட்டுக் குலுக்கினால், அவை திருநீறு பூசிய அடியார்போல வெளிவரும்.

ஒருநாள் பெரும் விபத்தொன்று மயிரிழையில் விலகிற்று. எமது வேலிக்கு அப்பால் அயலவரின் கத்தரித் தோட்டம். அங்கே வெட்டுக்கிளிகள் பறக்கமாட்டாமல் நிலத்திலே தத்தித் தத்திக் கிடந்தன. அரைமணிநேரம் ஓடிப் பிடிப்பனவற்றை ஐந்து நிமிடத்திலே பொறுக்கியெடுத்த மகிழ்ச்சியில் யாம் திரும்புகையில், தோட்டக்காரர் வரம்பிலிருந்து கூவினார்: "மாஸ்டர், உதுகளைக் குடாதையுங்கோ! நேற்றுத்தான் மருந்தடிச்சனான்." எளிதில் அகப்பட்டமைக்குக் காரணம் அதுவே. பேணியோடு அவற்றைக் கொண்டுபோய்ப் புதைத்தோம். தோட்டத்தில் மருந்து அடிப்பதை அந்நாள்வரை மணத்தால் மட்டும் அறிந்திருந்தோம். அப்பூச்சியை உண்ட ஓணான் என்னாகும், அவ்வோணானை உண்ட காகம் என்னாகும், அக்கத்தரிக்காயை உண்ணும் யாம் என்னாவோம் என்ற கணக்கு அன்றிரவு நெடுநேரம் துயில விடவில்லை.

அது உண்ணுங் காட்சியைக் கூறாமற் செல்லல் இயலாது. பூச்சி கண்ணிற் பட்டதும் தனித்தனியே உலாவிய இரு கண்களும் ஒருங்கே முன்னோக்கும். உடல் முன்னும் பின்னும் காற்றிலாடும் இலைபோல அசையும். வாய் சிறிது திறந்து நாவின் நுனி எட்டிப் பார்க்கும். அடுத்த கணம் பூச்சி இருந்த இடத்திலே பூச்சி இராது. நா வெளிவந்ததைக் கண்டேன் என்று சொன்ன மாணவரெல்லாம் பொய்யுரைத்தனர் என்றே கருதுகிறோம். வாலை நீக்கிய உடலின் நீளத்தையும் விஞ்சிச் செல்லும் அந்நா, எலும்பொன்றின்மேல் உறைபோற் செறிந்து, வில்லில் நாணேற்றியதுபோல் விசையைச் சேர்த்து வைத்திருந்து விடுபடுவதாம். நாநுனியின் பசை மனித உமிழ்நீரிலும் நானூறு மடங்கு பிசுபிசுப்பு உடையதென 2016இல் ஆய்வாளர் அளந்து வெளியிட்டனர். ஆனாற் கிளையிற் கிளைக்கு ஓரடி எடுத்து வைக்கையில், வைக்கலாமா வேண்டாவா என்று அது ஆராயும் நேரத்திலே யாம் ஒரு செய்யுளுக்குப் பதவுரை கூறிவிடுவோம். உடலால் அத்தனை தாமதமும் நாவால் அத்தனை விரைவும் உடையாரை மனிதரிலும் கண்டிருக்கிறோம்.

பதவுரை என்றதும் எமது பழைய விளக்கம் நினைவுக்கு வருகிறது. இலையைப் பார்த்து நிறம் மாறுவது மெய்தானா என்று மாணவர் தாமே சோதித்தறிய விரும்பினர். இல்லாளின் சிவப்புச் சேலையொன்றை விரித்து அதன்மேல் விட்டோம். சிவக்கவில்லை. மஞ்சட் கடதாசியில் விட்டோம். மஞ்சளாகவில்லை. நாற்பது கண்கள் சூழ்ந்து நோக்கியமையாற் புள்ளி புள்ளியாய்க் கறுத்தது, அவ்வளவே. முகக்கண்ணாடியைக் காட்டியபோதோ எதிரியொன்று வந்ததென்று எண்ணி, கோடுகள் தோன்றச் சினந்து பெருத்தது. அச்சம், சினம், குளிர், வெம்மை, துணை நாட்டம் என்பனவே அதன் நிறத்தை மாற்றுவன. தோலினுள்ளே நுண்ணிய பளிங்குத் துகள்கள் அடுக்கடுக்காய் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி குறைந்தும் கூடியும் வருவதால் ஒளி வெவ்வேறு நிறமாய்த் தெறிக்கின்றது. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் வேறொரு பச்சோந்தி இனத்திலே இதனை ஆராய்ந்து 2015இல் வெளிப்படுத்தினர். ஆக, தன் உள்ளத்தில் உள்ளதை மறைக்கவே இயலாத பிராணி அது. ஏமாற்றுக்காரனுக்கு உவமையாக அதனை யாம் ஆண்டுதோறும் நிறுத்தி வந்தோம். அடுத்த பாடவேளையில் வகுப்பின் முன்னே நின்று, மரபுத்தொடரைப் பரீட்சைக்கு எழுதுங்கள், ஆனால் அன்று யாம் கூறிய விளக்கம் பிழை என்று சொன்னோம். "அப்ப சேர், அந்த மனிசரை இனி என்னெண்டு சொல்லுறது?" என்று ஒருவன் கேட்டான். அதற்கு விடை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை கூறியது மாணவர் அறிந்த பாதி.

பத்தாம் நாள் காயம் ஆறிவிட்டது. காலை ஊன்றி ஏறவும் தொடங்கிற்று. அன்றே விட்டிருத்தல் வேண்டும். யாம் விடவில்லை. நவராத்திரிக்கு வீட்டுக்கு வருவோர் காணட்டும் என்றோம். கொழும்பிலிருந்து வரும் நண்பர், பழைய மாணவர், இதனைப் பார்க்கவென்றே ஒருநாள் தங்குவார் என்றோம். இலண்டனில் உள்ள மருகியின் பிள்ளைகட்குக் கைத்தொலைபேசியிலே அது பூச்சி பிடிப்பதைக் காட்டினோம், அவர்கள் ஆரவாரித்தனர். மாலைதோறும் எமது விறாந்தை கண்காட்சிச் சாலையாயிற்று. பிறர் கேட்டபோது காயம் முற்றும் ஆறவில்லை என்று கூறினோம். கல்லெறிந்த சிறுவனை மனத்தால் நொந்துகொண்ட யாமே, நன்றாயிருந்த பிராணியை எம் பெருமைக்காக அடைத்து வைத்திருந்தோம். சட்டத்தை அறியாமற் செய்தோம் என்றும் சொல்ல வழியில்லை.

பதினாறாம் நாள் அளவில் அது உண்ண மறுத்தது. கிளையிலிருந்து இறங்கிக் கூட்டின் தரையிலே இங்குமங்கும் நடந்தது. மூலைகளை முன்காலாற் பிறாண்டிற்று. வயிறு புடைத்து, பக்கங்களிலே சிறுசிறு மேடு தெரிந்தது. மிகுதியாக ஊட்டிவிட்டோம், சமிபாடில்லை என்று முடிவு செய்தோம். ஒருநாட் காலை வலையின் ஒரு மூலை சற்று விலகியிருந்தது. தப்பியோட முயல்கின்றது என்று நினைந்து, அம்மூலையை ஆணியடித்து இறுக்கினோம். ஓய்வு கிடைக்கட்டுமென்று கூட்டின்மேல் சாக்கொன்றையும் போட்டு மூடினோம். ஆசிரிய கலாசாலையிலே பிள்ளை உளவியல் பயின்று சான்றிதழும் பெற்றோம். ஒரு பிராணி எதையோ கேட்கின்றது என்பது மட்டும் எமக்கு விளங்கவில்லை.

இருபதாம் நாள் நண்பகலிலே அது கண்களை மூடிக்கொண்டு தரையிற் கிடந்தது. பகலிலே கண்மூடினாற் பச்சோந்திக்குப் பெருநோய் என்பதை அறிந்திருந்தோம். நிறம் மங்கி, சேற்றின் நிறமாயிற்று. நாளை காலை வைத்தியரிடம் கொண்டுபோவோம் என்று சொல்லிக்கொண்டு நின்றபோது அன்னையார் வந்தார். அவர் அதுவரை கூட்டின் அருகே வந்தது மிக அரிது. நீர் தெளித்துவிட்டு உடனே அப்பாற் சென்றுவிடுவார். அன்று குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது முட்டைக்குத் திரியுது. கோழி இடந்தேடித் திரியிறதை நீ கண்டதில்லையே? இதுக்கு மண் வேணும்" என்றார். பிறகு, எம்மைப் பாராமலே, "ஒருக்காக் கூட்டைத் திறவாமற் போனனாங்கள். காணும்" என்றார்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்களெல்லாம் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். யாம் அப்போது பதின்மூன்று வயதினேம். எமது வீட்டிலே பேசுங் கிளி ஒன்று இருந்தது. கூட்டைத் தந்தையார் திறந்துவிட்டார் என்று யாம் எண்ணினோம். யாம் திறந்தோம் என்று தந்தையார் எண்ணினார். நாவற்குழிப் பாலத்தைச் சனத்தோடு சனமாய்க் கடந்துகொண்டிருக்கையில், கிளி எங்கே பறந்திருக்கும் என்று தந்தையாரைக் கேட்டோம். அவர் நின்றுவிட்டார். பின்னாலிருந்தோர் தள்ளினர், திரும்பி நடக்க வழியிருக்கவில்லை. 1996இல் மீண்டு வந்தபோது விறாந்தை முகட்டிலே கொக்கி இருந்தது. எமக்கு முன்னே உள்ளே சென்றவர் அன்னையார். கூட்டை அவர் எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று இன்றுவரை கேட்டோமில்லை. அதன்பின் எமது வீட்டிலே கூடு என்று ஒன்று இருந்ததில்லை, யாம் நுளம்பு வலையாற் கட்டும் வரையில்.

ஆணியைப் பிடுங்கினோம். வைத்தியர்க்குத் தொலைபேசியிற் சொன்னபோது, முட்டையிட ஈர மண் கிடையாவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கித் தாய் இறந்துவிடும், தூக்கிக்கொண்டு இங்கே வராதீர்கள், மெத்தென்ற நிலத்திலே விட்டுவிட்டு விலகி நில்லுங்கள் என்றார். வாழைப் பாத்தியின் ஓரத்திலே, நீர் பாய்ந்து பதமாயிருந்த செம்மண்ணில் அதனை விட்டோம். சிறிது நேரம் அசைவில்லை. பின்பு ஒரு கண் திறந்தது. அடியெடுத்து அடியெடுத்து வேலியோரம் வரை சென்று, ஒரு பூவரசின் வேரடியிலே நின்று, முன்கால்களாற் கிளறத் தொடங்கிற்று.

அவ்விரு மாணவரையும் அழைப்பித்தோம். காகமும் அயல் நாயும் அணுகாதவாறு ஒருவன் வாழையடியிலும் மற்றவன் படலையடியிலும் காவல் இருந்தனர். கல்லொன்றும் எடுக்கலாகாது, கையைத் தட்டியே கலைக்க வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. அவனாகவே கையைத் தட்டினான். பொழுதுபடும்வரை அது தோண்டிற்று. தலை உள்ளே மறைந்தது, உடல் மறைந்தது, வாலின் சுருள் மட்டும் வெளியே தெரிந்தது. பின்னர் உள்ளேயே திரும்பித் தலையை வாயிலிலே வைத்துக்கொண்டு கிடந்தது. இருளிலே விளக்குக் கொண்டு சென்று பார்க்க யாம் விரும்பினோம். அன்னையார் விளக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

விடியற்காலை சென்றோம். அது வெளியே நின்று பின்கால்களால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்தது. வயிறு ஒட்டி, முள்ளந்தண்டு புடைத்து, காய்ந்த பூவரசிலைபோல் இருந்தது. மூடியபின்னும் விட்டுப் போகவில்லை. மேலே சருகை இழுத்துப் பரப்பிற்று. எத்தனை முட்டையென்று கிண்டிப் பார்க்க மாணவர் ஆவலுற்றனர். ஒரே ஈட்டில் இருபதுக்கு மேலும் இடும் என்று சொல்லி, எண்ணாமல் விடுவோம் என்றோம். சேலைன் போத்தலை வேலிக் கிளையிலே கட்டினோம். கூடில்லாமலே அது வந்து, துளி துளியாய் நெடுநேரம் நீரருந்திற்று. கடல்நுரை தூவிய வெட்டுக்கிளிகள் இரண்டைக் கோலின் நுனியிலே நீட்டினோம். இரண்டையும் பிடித்துண்டது. மறுநாளும் பூவரசின் நடுக்கிளையில் இருந்தது. மூன்றாம் நாள் தேடினோம், காணவில்லை. பச்சை இலைகளுக்கிடையே எம்மைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கவுங் கூடும்.

குழியைச் சுற்றி மாணவர் நான்கு குச்சிகளை நட்டனர். மாரி மழை வந்து சென்றது, தைப்பொங்கலும் கழிந்தது. முட்டை பொரிக்க மண்ணின் வெம்மைக்கேற்ப மாதங்கள் பல செல்லும். பொரிக்குமோ, கெட்டதோ, உடும்பு தோண்டிற்றோ என்பது இதனை எழுதும் நாள்வரை எமக்குத் தெரியாது. அயலவர் கத்தரியின் கடைசி இரு வரிசைகட்கு இம்முறை மருந்து அடிக்கவில்லை. "உங்கடை பிள்ளையள் வாற காலம் மாஸ்டர்" என்று சிரிக்கிறார். வேலி கதியால் வெட்டும் பருவமாதலின் வேலைகாரர் இருமுறை வந்தார். பங்குனி போகட்டும் என்று அன்னையார் திருப்பி அனுப்பிவிட்டார். அவ்விரு மாணவரும் பாடசாலை விட்டதும் எமது ஒழுங்கையாலேதான் வீட்டுக்குச் செல்கின்றனர். துவிச்சக்கர வண்டியை வேலியிலே சாத்திவிட்டு இருவரும் எட்டிப் பார்ப்பர். ஒருவன் உடனே வந்துவிடுவான், மற்றவன் சற்று நேரம் நின்றுதான் வருவான்.